எட்டு மாத இருமலுக்குக் காரணம் பி.பி. மாத்திரை: இதை எங்கே போய்ச் சொல்வது?

ஆதம்பாக்கம்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. போன வருடம் ஆடி மாதம் பி.பி. கூடியிருக்கிறது என்று ராமிப்ரில் எழுதிக் கொடுத்தார்கள். பி.பி. நன்றாகவே கட்டுக்குள் வந்தது. ஆவணிக் கடைசியில் இருமல் ஆரம்பித்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, தொண்டைக்குள் நமநமவென்று இருக்கிறது என்பார், அடுத்த நிமிஷம் நிறுத்த முடியாத இருமல். படுத்தால் இன்னும் மோசம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார், நாங்கள் முழித்துவிடக் கூடாதாம். சன்னிதியில் நிற்க முடியாமல் வெளிப் பிராகாரத்துக்கு வந்துவிடுவார். கொரோனாவுக்கு அப்புறம் பஸ்ஸில் இருமினால் பக்கத்து சீட்காரர் பார்க்கிற பார்வை எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டார். இருமும்போது சிறுநீர் கசிகிறது என்று என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், எனக்கு அது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டு எக்ஸ்ரே. டி.பி.க்குச் சளிப் பரிசோதனை. காது மூக்கு தொண்டை டாக்டர். அசிடிட்டி என்று ஒரு மாதம் மாத்திரை. சிரப் பாட்டில்களை நான் எண்ணவில்லை. அதிமதுரம், சித்தரத்தை, மிளகுப்பால் எல்லாம் வீட்டில் தனிக் கணக்கு. கடைசியில், எனக்குப் பல்வலி மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனபோது, அம்மாவுக்கும் ஒரு இருமல் சிரப் கொடுங்கள் என்றேன், அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெண் கேட்டார்: "அவங்க பி.பி.க்கு என்ன மாத்திரை போடறாங்க சார்?" பெயரைச் சொன்னேன். "டாக்டரிடம் போய் இந்த மாத்திரையால் இருக்குமான்னு ஒரு தடவை கேளுங்க" என்றார். கேட்டோம். டாக்டர் உடனே டெல்மிசார்ட்டனுக்கு மாற்றினார். மூன்று வாரத்தில் இருமல் போய்விட்டது. எட்டு மாத இருமல்!

இதை எங்காவது தெரிவிக்க வேண்டாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவுதானே, புத்தகத்திலேயே இருக்கிறது" என்றார். அவர் மேல் கோபம் இல்லை, நல்ல மனிதர். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என் அம்மா விஷயத்தில் மட்டும் எட்டு மாதம் யாருக்கும் தெரியாமல் போனது எப்படி? மருந்து கடைக்கு வந்த பிறகு அதை யாராவது கவனிக்கிறார்களா? நம்மைப் போன்றவர்கள் சொன்னால் கேட்க இடம் இருக்கிறதா?

வில்லிவாக்கம் பார்மசிஸ்ட்:

இருக்கிறது சார். இலவச எண் 1800-180-3024. வார நாட்களில் அலுவலக நேரத்தில் எடுப்பார்கள். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 2010-ல் தொடங்கினார்கள், 2011-லிருந்து காசியாபாத்தில் இருக்கும் இந்திய பார்மகோப்பியா கமிஷன்தான் நடத்துகிறது. நோயாளியோ வீட்டுக்காரர்களோ நேரடியாகச் சொல்லலாம். பொதுமக்களுக்கென்று தனிப் படிவம் தமிழிலேயே உண்டு. மொபைல் ஆப்பும் இருக்கிறது. பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பார்மகாலஜி துறையில் இதற்கென்று ஒரு மையம் இருக்கும், அங்கேயும் கொடுக்கலாம்.

ஒரு முக்கியமான விஷயம். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்பார்கள், கத்தரித்துக் கொடுப்போம். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சடித்திருக்கும், அந்த ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். வாங்கினவர் கையில் பளபளவென்று நாலு குமிழ் மட்டும், பெயர்கூடப் பாதிதான் தெரியும். நாளைக்கு உடம்புக்கு ஏதாவது ஆனால் எந்த கம்பெனி, எந்தப் பேட்ச் என்று எப்படிச் சொல்வீர்கள்? அதனால் பில் கேளுங்கள். பில்லில் பேட்ச் நம்பர் வரும். "நாலு மாத்திரைக்கு எதுக்குப்பா பில்லு" என்று போய்விடுகிறார்கள், இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

அம்மா குணமானதில் மகிழ்ச்சி. ஆனால் எனக்கு இதில் இரண்டு சங்கடம் இருக்கிறது, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, போன் பண்ணி, படிவம் போட்டு, அது எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் என்ன ஆகப் போகிறது? ராமிப்ரிலைத் தடை செய்யப் போகிறார்களா? செய்யவும் கூடாது, எத்தனையோ பேர் இதயம் அதனால்தான் ஓடுகிறது.

இரண்டாவதுதான் பெரியது. இந்த மாதிரி இழையைப் படித்துவிட்டு நாளைக்குக் காலையில் நாலு பேர் பி.பி. மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். என் அண்ணன் அப்படித்தான். "இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுக்கும்" என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை நம்பி நிறுத்தினார். நாலாவது மாதம் பக்கவாதம். இப்போது வலது கை விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது. மருந்தைப் பற்றிய பயத்தைப் பரப்புவதும் ஒரு பக்கவிளைவுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆதம்பாக்கம்வாசி:

ஐயா, உங்கள் அண்ணன் விஷயம் கேட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்கள் சொல்வது சரி. நாங்களும் நிறுத்தவில்லை, டாக்டரிடம் கேட்டு மாற்றினோம். இதைப் படிக்கிற யாரும் தாமாக நிறுத்த வேண்டாம் என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பார்மகாலஜி பிஜி:

நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மேற்படிப்பு படிக்கிறேன், பார்மசிஸ்ட் சொன்ன அந்தக் கண்காணிப்பு மையத்தில் எங்களுக்கு முறை போட்டு வேலை உண்டு. கணக்குப்பிள்ளை ஐயாவின் முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

"எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு" என்று டாக்டர் சொன்னாரே, அது எப்படி எல்லோருக்கும் தெரிந்தது? இந்த மருந்துக் குடும்பத்தில் முதலில் வந்தது கேப்டோபிரில். அமெரிக்காவில் 1981-ல் அனுமதி கிடைத்தது. அனுமதிக்கு முந்தைய ஆய்வுகளில் இருமலை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எண்பதுகளின் நடுவில்தான், மருந்து ஊரெல்லாம் பரவிய பிறகு, "என் நோயாளி காரணமில்லாமல் இருமுகிறார், மருந்தை நிறுத்தினால் நிற்கிறது" என்று டாக்டர்கள் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் புத்தகத்தில் ஏறியது. அந்த டாக்டர்களும் "இருமல்தானே" என்று விட்டிருந்தால் ஆதம்பாக்கம் அம்மா இன்றைக்கும் இருமிக்கொண்டிருப்பார். காரணம் இப்போது தெரிந்ததுதான்: உடம்பில் பிராடிகினின் என்ற பொருளை உடைக்கிற நொதியை இந்த மருந்து தடுத்துவிடுகிறது, அது சேர்ந்து மூச்சுக்குழாயை உறுத்துகிறது. மருந்து தொடங்கி சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம், அதனால்தான் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. பெண்களுக்குக் கூடுதல். நிறுத்தினால் ஒன்றிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும்.

கடைக்கு வருவதற்கு முன் மருந்தைச் சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதிக்கிறார்கள். ஆனால் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்க முடியும். 3000 பேருக்குக் கொடுத்து ஒருவருக்கும் ஒரு கெடுதல் வரவில்லை என்று வையுங்கள். அதை வைத்து, அந்தக் கெடுதல் ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் வராது என்று மட்டும்தான் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது அந்த 3000 பேரில் தலைகாட்டாமலே போகலாம். அதோடு ஆய்வில் யாரைச் சேர்ப்பார்கள்? கர்ப்பிணிகள் இல்லை, குழந்தைகள் பெரும்பாலும் இல்லை, கிட்னி கோளாறு உள்ளவர் இல்லை, ஏற்கெனவே ஏழு மாத்திரை போடுகிற எண்பது வயதுத் தாத்தா இல்லை. கடைக்கு வந்தபின் அதை விழுங்கப் போகிறவர்கள் அவர்கள்தான். அதனால் உண்மையான பெரிய சோதனை கடைக்கு வந்த பிறகே தொடங்குகிறது. புது மருந்து என்றால் கம்பெனி முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் அடுத்த இரண்டு வருடம் வருடத்துக்கு ஒரு முறையும் பாதுகாப்பு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கைக்குள் என்ன இருக்கும்? நீங்களும் டாக்டர்களும் சொன்னது இருக்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் அந்த இடம் காலி.

இன்னொன்று, நிரூபிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. சந்தேகம் போதும். நோயாளி யார் (முழுப் பெயர்கூட வேண்டாம், முதலெழுத்தும் வயதும் போதும்), சொல்பவர் யார், எந்த மருந்து, என்ன ஆனது, இந்த நாலும் இருந்தால் அது ஒரு முறையான தகவல். மருந்தா நோயா என்று எடை போடுவது எங்கள் வேலை. மருந்து ஆரம்பித்த தேதி, பிரச்சினை வந்த தேதி, நிறுத்தியதும் சரியானதா, திரும்பக் கொடுத்தபோது திரும்ப வந்ததா, இதையெல்லாம் வைத்து உறுதி, மிகவும் சாத்தியம், சாத்தியம், சாத்தியமில்லை என்று வகைப்படுத்துவோம். அப்புறம் அது தேசியத் தொகுப்புக்குப் போகும், அங்கிருந்து ஸ்வீடனில் உப்சாலாவில் இருக்கும் உலகத் தொகுப்புக்குப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் அந்தத் திட்டத்தில் இந்தியா 1998-லிருந்து உறுப்பினர்.

காசிமேடு அக்கா:

தம்பி, திரும்பக் கொடுத்தபோது திரும்ப வந்ததான்னு எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. என் தம்பிக்கு மூன்று தடவை வந்திருக்கிறது.

கடலுக்குப் போகிறவன். கீழ் உதட்டில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக, முதலில் சிவந்து எரிச்சல் எடுக்கும், அப்புறம் தோல் உரிந்து கறுத்துவிடும். கறுப்பு மாதக் கணக்கில் போகாது. கொஞ்சம் மங்கி வரும்போது மறுபடியும் அதே இடத்தில் சிவக்கும், ஒரு நூல் தள்ளி வராது, அதே இடம். மூன்றாவது தடவை இடது கை விரலிலும் ஒரு வட்டம் சேர்ந்துகொண்டது. பீடி பிடிக்கிறதால என்று ஒருவர் சொன்னார். மீன் முள் குத்தியது என்று ஒருவர். யார் யாரோ தப்பாகவும் பேசினார்கள், உதட்டில் புண் என்றால் வாய் சும்மா இருக்குமா, அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் வேறு. கடைசியில் ஒரு தோல் டாக்டர்தான் இது மாத்திரையால் வருகிறது, என்ன மாத்திரை போட்டாய் என்று கேட்டார். எங்களுக்குப் பெயர் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் வயிற்றுப்போக்கு வந்து கடையில் கேட்டு வாங்கிப் போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பார்மகாலஜி பிஜி:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தால் அந்த டாக்டர் சொன்னது சரி என்றுதான் படுகிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வருவதுதான் அதன் அடையாளம். சல்ஃபா மருந்துகள், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சில ஆன்ட்டிபயாட்டிக், டினிடசோல் வகை, சில வலி மாத்திரைகள், இவைதான் அடிக்கடி மாட்டுகிறவை. தம்பிக்கு அடுத்த தடவை வயிற்றுப்போக்கு என்றால் கடையில் எதையும் கேட்டு வாங்க வேண்டாம், உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் போனால் உதட்டைக் காட்டி முதலில் இதைச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் வட்டம் கூடிக்கொண்டு போகலாம். வீட்டில் பழைய அட்டை எங்காவது கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெயர் தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதி அவன் பர்சில் வைத்துவிடலாம், வாழ்நாளுக்கும் உதவும்.

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட்:

ஒரு வருடமாக இந்தக் களத்தில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்த இழைக்காகத்தான் முதல் பதிவு.

நான் பி.பார்ம் முடித்துவிட்டு இந்த வேலையில்தான் இருக்கிறேன். சென்னையில் எங்களை மாதிரி நிறையப் பேர் உண்டு. வெளிநாட்டு மருந்து கம்பெனிகளுக்கு வருகிற பக்கவிளைவுத் தகவல்களை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதிவு செய்கிறோம். அங்கே ஒரு பாட்டி கம்பெனிக்கு போன் பண்ணி "இந்த மாத்திரை போட்டதிலிருந்து வாயில் இரும்பு ருசி" என்பார். அது ஒரு கேஸ். தகவல் கிடைத்த நாள் பூஜ்யம். தீவிரமானது, எதிர்பாராதது என்றால் 15 நாளுக்குள் அரசு அமைப்புக்குப் போயாக வேண்டும். மாத்திரையின் பலம், பேட்ச், அவர் போடுகிற மற்ற மருந்து எல்லாம் கேட்டுத் திரும்பக் கடிதம் போகும். இரும்பு ருசிக்கு!

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என் அப்பா காலைக் காட்டினார். இரண்டு கணுக்காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. பி.பி.க்கு அம்லோடிபின் போடுகிறார். அந்த வீக்கத்துக்கு நீர் இறங்க இன்னொரு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அந்த மாத்திரையால் ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறார், ஒரு தடவை தடுக்கி விழுந்தும் இருக்கிறார். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து, அதற்கு இன்னொன்று, இப்படிச் சங்கிலி மாதிரி போகும் என்று நாங்கள் பயிற்சி வகுப்பில் படித்ததுதான். வேலையில் ஊர் ஊராக எத்தனையோ பேரின் கணுக்கால் வீக்கத்தைப் பதிவு செய்த நான் என் அப்பாவுடையதைப் பதிவு செய்யவில்லை. தோன்றவே இல்லை. இந்த இழையைப் படித்த பிறகுதான் தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவின் டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றியாகிவிட்டது, இன்றைக்குக் காலையில் ஷிப்ட் முடிந்ததும் ஆப்பில் பதிவும் போட்டேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா, எங்கேயோ கம்ப்யூட்டரில் போய் உட்காரும் என்றீர்கள். அங்கே பல தகவல்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வதால்தான் விஷயமே வெளியே வரும். 2023-ல் அமெரிக்காவில் கண் சொட்டு மருந்து விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் தயாரானது. வேறு வேறு மாநிலங்களில் வேறு வேறு ஆஸ்பத்திரியில் சிலருக்கு ஒரே வகை அரிய கிருமி, எளிதில் எந்த மருந்துக்கும் மசியாத சூடோமோனாஸ். நோயாளிகளிடம் என்ன சொட்டு மருந்து போட்டீர்கள் என்று கேட்டபோது பத்துக்கும் மேற்பட்ட பிராண்ட் பெயர்கள் வந்தன, அதில் பலரும் சொன்னது ஒன்றை. திறந்த பாட்டில்களைச் சோதித்தார்கள், கிருமி இருந்தது. மொத்தம் 18 மாநிலங்களில் 81 பேர், 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் அவரவர் நோயாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கடைசி வரை "கண்ணில் இன்ஃபெக்‌ஷன்" என்றே போயிருக்கும்.

தாம்பரம் மேற்கு:

இருமல் சிரப் பற்றி யாருமே பேசவில்லையே. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்களே, அந்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நம்ம மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் 48.6 சதவீதம் இருந்தது. பாதி பாட்டில் விஷம்! எழுபதுகளின் தொடக்கத்தில் இதே மெட்ராஸில் இதே விஷத்தால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்திருக்கிறார்கள். இதற்குக் கண்காணிப்பு என்ன செய்தது?

பார்மகாலஜி பிஜி:

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் சார். ராமிப்ரிலில் இருமல் வருவது நல்ல மருந்தின் குணம், சரியாகத் தயாரித்தாலும் வரும். அந்த சிரப் தயாரிப்பிலேயே நடந்த குற்றம், மூலப்பொருளைச் சோதிக்காமல் போட்டது. அதைத் தொழிற்சாலை வாசலிலேயே பிடித்திருக்க வேண்டும், அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆனால் வாசலில் தவறிவிட்டால் அடுத்து பிடிக்க வேண்டிய இடம் இதுதான். செப்டம்பர் தொடக்கத்திலேயே அங்கே மரணங்கள் ஆரம்பித்துவிட்டன, சோதனை முடிவு வந்தது அக்டோபர் முதல் வாரம். நடுவில் ஒரு மாதம். சளிக்கு மருந்து கொடுத்த குழந்தைக்குச் சிறுநீர் நின்றுவிட்டது என்றால் முதல் இரண்டு மூன்று குழந்தைகளிலேயே பாட்டிலும் பேட்ச் நம்பருமாகத் தகவல் ஓடியிருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கணக்குப்பிள்ளை:

நைட்ஷிப்ட் தம்பி சொன்னது புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், எச்சரிக்கை வந்தால் என்ன ஆகிறது? 2023 நவம்பர் கடைசியில் மெஃப்தாலில் உள்ள மெஃபனமிக் ஆசிட் பற்றி ஒரு எச்சரிக்கை வந்தது. எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் "மெஃப்தால் தடை" என்று ஓடியது. என் பேத்தி மாதவிடாய் வலிக்கு அதைத்தான் போடுவாள், பயந்துவிட்டாள். அப்புறம் பார்த்தால் தடை எல்லாம் இல்லை.

வில்லிவாக்கம் பார்மசிஸ்ட்:

தடை இல்லைதான் ஐயா. அது இந்தத் திட்டம் வெளியிட்ட எச்சரிக்கைதான். அந்த மருந்தால் அரிதாக டிரெஸ் என்று ஒரு கடுமையான ஒவ்வாமை வரலாம், கவனித்துத் தகவல் கொடுங்கள் என்று டாக்டர்களுக்கும் மக்களுக்கும் சொன்னார்கள். காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டுதல், சில பேருக்கு ஈரல் வரை பாதிக்கும். இதில் ஏமாற்றுகிற விஷயம், மாத்திரை போட்ட அன்றைக்கு வராது, இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் கழித்து வரும். அந்த எச்சரிக்கைக்குப் பிறகு நான் ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன். வழக்கமாக வாங்குகிற பெண்களிடம், இதற்கு முன் எந்த மாத்திரைக்காவது தடிப்பு வந்திருக்கிறதா என்று கேட்பேன், வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள் என்று சொல்லிக் கொடுப்பேன். உங்கள் பேத்திக்கும் அவ்வளவுதான். வலிக்குப் போடட்டும், டாக்டர் சொன்ன அளவில்.

பார்மகாலஜி பிஜி:

ஐயா கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நம்மிடம் நம் ஊர்த் தகவல் போதுமான அளவு இல்லாதபோது முடிவுகள் இப்படியும் அப்படியும் ஆடுகின்றன. சர்க்கரைக்கு பயோக்ளிட்டசோன் இருக்கிறதே, 2013 ஜூனில் நிறுத்தி வைத்தார்கள், ஜூலை முடிவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையோடு திரும்ப அனுமதித்தார்கள். இடையில் நோயாளிகளும் டாக்டர்களும் பட்ட குழப்பம் கொஞ்சமல்ல.

தனித்தனித் தகவலால் எல்லாமே பிடிபடும் என்றும் சொல்ல மாட்டேன். 1999-ல் வந்த ரோஃபெகாக்ஸிப் என்ற மூட்டுவலி மருந்து மாரடைப்பைக் கூட்டியது. மாரடைப்பு வயதானவர்களுக்கு வழக்கமாக வருவதுதானே, எந்த டாக்டர் மூட்டுவலி மாத்திரையைச் சந்தேகப்படுவார்? பெரிய ஆய்வு ஒன்றில்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெளிப்பட்டு 2004 செப்டம்பரில் கம்பெனியே திரும்பப் பெற்றது. ஆனால் பிறவிக் குறை, தோல் உரிவது, காரணமில்லாத ஈரல் பாதிப்பு, இப்படி அரிதானவற்றில் ஒரு தகவல்கூடப் பெரிது. தாலிடோமைடு 1957-லிருந்து விற்பனையில் இருந்தது, 1961-ல் ஜெர்மனியில் ஒரு குழந்தை மருத்துவரும் ஆஸ்திரேலியாவில் ஒரு மகப்பேறு மருத்துவரும் தனித்தனியாகக் கவனித்துச் சொன்ன பிறகுதான் நின்றது. அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அதைப் பார்த்துத்தான் பிரிட்டனில் 1964-ல், பக்கவிளைவைத் தெரிவிக்கிற மஞ்சள் அட்டை முறையே வந்தது.

தாம்பரம் மேற்கு:

நாட்டு மருந்துக்கும் இது உண்டா? என் சித்தி மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடியைச் சாப்பிட்டு முகம் வீங்கிப்போனார். மூலிகைதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பார்மகாலஜி பிஜி:

உண்டு சார், உங்கள் ஊரிலேயே. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் சித்த மருந்துகளுக்கான கண்காணிப்பு மையம் இருக்கிறது, 2018-லிருந்து ஆயுஷ் மருந்துகளுக்குத் தனி ஏற்பாடு. பொடி மீதி இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். முகம் உருண்டையாக வீங்குவது சில சமயம் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பதால் இருக்கலாம். சித்தி அதைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், முதலில் ஒரு டாக்டரைப் பார்க்கட்டும்.

காசிமேடு அக்கா:

ஒரு யோசனை தோன்றுகிறது, தப்பாக இருந்தால் சொல்லுங்கள். எங்கள் தெருவில் மக்களைத் தேடி மருத்துவம் என்று மாதா மாதம் ஒரு பெண் வீட்டுக்கே வந்து அம்மாவுக்கு பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும். பி.பி. பார்க்கும், நோட்டில் குறிக்கும். அந்தப் பெண் அப்போதே "மாத்திரை போட்டதிலிருந்து புதுசா ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் எவ்வளவு நல்லது! டாக்டரிடம் வாய் திறக்காத எங்கள் அம்மா அந்தப் பெண்ணிடம் எல்லாக் கதையும் சொல்லும்.

பார்மகாலஜி பிஜி:

அக்கா, இதை எங்கள் துறைத் தலைவரிடம் அப்படியே சொல்லப் போகிறேன். ஆதம்பாக்கம் அம்மா சிறுநீர் கசிவதை மருமகளிடம் மட்டும்தானே சொன்னார். அந்த மாதிரி விஷயம் எங்கள் ஓ.பி.யில் வராது, ஒரு நோயாளிக்கு எங்களிடம் மூன்று நிமிஷம்கூட இல்லை.

ஆதம்பாக்கம்வாசி:

வெள்ளிக்கிழமை போன் பண்ணினேன். மறுமுனையில் பேசியவர் பொறுமையாகக் கேட்டார். அம்மாவின் வயது, எடை, மாத்திரை ஆரம்பித்த தேதி, இருமல் ஆரம்பித்த தேதி, வேறு என்ன மருந்து, மாற்றியபின் எத்தனை நாளில் சரியானது. இருமல் ஆரம்பித்த தேதி எனக்குத் தெரியவில்லை, திணறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள், கொழுக்கட்டைக்கு மாவு கிளறும்போது ஆரம்பித்தது என்றார். எட்டு மாதத்தில் ஒருவரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. பேட்ச் நம்பர் கேட்டார்கள், கடைசி அட்டை ஒன்று மருந்து டப்பாவில் இருந்தது, பூதக்கண்ணாடி வைத்து அம்மாவே படித்துச் சொன்னார்.

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் அண்ணன் எப்படி இருக்கிறார்?

கணக்குப்பிள்ளை:

பிசியோதெரபி போகிறது. கேட்டதற்கு நன்றி. அவருக்கு இப்போது கொடுக்கிற மாத்திரைகள் ஒன்பது. நேற்று அத்தனைக்கும் ஒரு நோட்டில் பெயர், ஆரம்பித்த தேதி, பேட்ச் நம்பர் எழுதி வைத்தேன். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோய் எது எதற்கு என்று கேட்கப் போகிறேன். அவராக எதையும் நிறுத்த விடமாட்டேன்.

காசிமேடு அக்கா:

தம்பியின் அட்டை கிடைத்துவிட்டது! படகில் அவன் வைத்திருக்கிற பழைய பிஸ்கட் டப்பாவில், பீடிக்கட்டுக்கு அடியில். பாதி கத்தரித்த அட்டை, உப்புக்காற்றில் அரித்திருக்கிறது, "டினிட" வரை படிக்க முடிகிறது, அதற்கு மேல் இல்லை. மூன்று மாத்திரை அப்படியே மீதி இருக்கிறது, அடுத்த தடவைக்கென்று வைத்திருந்தானாம். படம் எடுத்து வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்த நம்பருக்கு போன் பண்ணப் போகிறேன்.